பொலிசுக்கு ஜீப் இல்லை என்று சொல்லிக் காசு கேட்டு வந்தால்

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், கதை பிறகு. பொலிஸ் நிலையத்துக்கு வாகனம் இல்லை, வீதிக்குக் கமரா பூட்ட வேண்டும், எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு கோப்பும் கையுமாக யாராவது உங்கள் வளவுக்குள் வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எங்கள் வீதியில் 23 வீடுகள் கொடுத்தோம். வீட்டுக்கு 5,000 ரூபா, மொத்தம் 115,000. வீடு வீடாகப் போய்ச் சேர்த்துக் கொடுத்தவன் நான்தான். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கணக்குப் படிப்பித்த சேருக்கே கணக்குப் பிழைத்துப் போயிற்று என்று ஊரில் ஒரு பகிடி ஓடுகிறது. ஓடட்டும்.

ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. மட்டக்களப்பு நகரத்தை ஒட்டிய ஊர், அவ்வளவு போதும். பொலிஸ் நிலையத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். ஏமாற்றியவர் பொலிஸ்காரர் இல்லை. ஆனால் அவர் விற்றது பொலிசின் வறுமையை. அந்த வறுமை பொய்யில்லை என்பதால்தான் நாங்கள் இவ்வளவு லேசாக விழுந்தோம்.

போன ஆடி அமாவாசைக்கு முதல் நாள் இரவு எங்கள் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதே இரவு பின்வீட்டு மாமியின் காஸ் சிலிண்டரும் போனது. ஆடி அமாவாசை என்றால் உங்களுக்குத் தெரியும், மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். மாவட்டத்தில் உள்ள சனமெல்லாம் அமிர்தகழிப் பக்கம். பொலிசும் அங்கேதான். இரவு இரண்டு மணிக்கு 119க்கு எடுத்தேன், எங்கள் நிலையத்துக்குச் சொன்னார்கள். நிலையத்துக்கு நேரடியாகவும் எடுத்தேன். "ஜீப் மாமாங்கத்து டியூட்டியில சேர். விடிஞ்சாப் பாப்பம்" என்றது ஒரு நித்திரைக் குரல். விடிந்தது. பத்து மணிக்கு மறுபடி எடுத்தால், "நீங்க ஒரு ஆட்டோ அனுப்புனீங்கெண்டா ஒராள் வரலாம்." அனுப்பினேன். ஒரு இளம் கான்ஸ்டபிள் வந்தார், மோட்டர் இருந்த இடத்தில் துருத்திக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தார், குறிப்புப் புத்தகத்தில் எழுதினார், தேத்தண்ணீர் குடித்தார், அதே ஆட்டோவில் போனார். ஆட்டோக் கூலி நான் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, அவரிடமும் இருந்திருக்காது.

முறைப்பாட்டு இலக்கம் எடுக்க நிலையத்துக்குப் போனபோது பின்பக்கம் பார்த்தேன். ஒரு ஜீப், முன் இரண்டு சக்கரமும் இல்லாமல் சீமெந்துக் கல்லில் நின்றது. பொனற்றுக்கு மேலே யாரோ சேர்ட் காயப் போட்டிருந்தார்கள். அதை ஊரில் வந்து சொன்னவனும் நான்தான். சங்கக் கூட்டத்தில் சொன்னேன், கோயிலடியில் சொன்னேன், தேநீர்க் கடையில் சொன்னேன். அந்த ஆள் எங்கிருந்து கதையைப் பிடித்தார் என்று நான் இப்போது யோசிக்கத் தேவையில்லை.

மூன்று கிழமை கழித்து வந்தார். முப்பது வயது இருக்கும். காக்கி இல்லை, ஆனால் காக்கி மாதிரி ஒரு களுசான், மினுக்கின சப்பாத்து, கையில் மண்ணிறக் கோப்பு. வந்ததும் வராததுமாக, "சேர், உங்கட மோட்டர் கேஸ் எனக்குத் தெரியும்" என்றார். நான் கதிரை எடுத்துப் போட்டேன். வாகன இறக்குமதி நின்றதிலிருந்து நிலையத்துக்குப் புது வண்டி வரவில்லை என்றார், ஜீப் கல்லில் நிற்கிறது என்றார், ஆள் காணாது என்றார். எல்லாம் எனக்குத் தெரிந்த கதை. தெரிந்ததையே ஒருவர் திருப்பிச் சொன்னால் அவர் உள்ளுக்குள் இருக்கிற ஆள் என்று மனம் தானாக முடிவு கட்டிவிடுகிறது. மறுகா விசயத்துக்கு வந்தார். வீதிச் சந்திகளில் கமரா பூட்டி நிலையத்தோடு இணைக்கிற திட்டமாம். அரசாங்கத்திடம் காசில்லை, அதனால் சனம் பாதி, பொலிஸ் பாதி.

கடிதம் காட்டினார். மேலே பொலிஸ் இலச்சினை, கீழே முத்திரை, நடுவில் முழுக்கச் சிங்களம். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், திருப்பிக் கொடுத்தேன். எனக்குச் சிங்களம் வாசிக்க வராது. தமிழில் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்ன வாய்தான் இது. ஆனால் காரியாலயக் கடிதம் என்றால் சிங்களத்தில்தான் வரும் என்று பழகிப்போன கண், வாசிக்க முடியாததையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டது. கடிதத்தின் பிரதி ஒன்றை விட்டுப் போயிருந்தார். கடைசியில் அதைச் சிங்களம் தெரிந்த ஒரு நண்பரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அது டெங்கு ஒழிப்புச் சிரமதானத்துக்கு ஒத்துழைக்கும்படி கேட்கிற கடிதம். கமரா என்ற சொல்லே அதில் இல்லை.

காசு சேர்க்க எனக்கு நாலு நாள் எடுத்தது. ஒருவரும் மறுக்கவில்லை, அதுதான் இப்போது குத்துகிறது. கூலிக்குப் போகிற வீட்டில் இரண்டு தவணையாகத் தந்தார்கள். மாமி முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துத் தந்தார். "சேர் கேட்டா என்னத்துக்கு யோசிக்கிற" என்றார்.

காசு கைமாறிய அடுத்த நாள் அவரே ஏணியோடு வந்து சந்தியில் உள்ள மின்கம்பத்தில் கமரா ஒன்றைப் பூட்டினார். மின்சார சபையின் கம்பம் அது, அவர்களிடம் அனுமதி கேட்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளை உருளை, முன்னால் கண்ணாடி, பக்கத்தில் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. கறுப்பு வயர் ஒன்று கம்பத்தின் பின்பக்கமாக இறங்கியது. மற்ற மூன்று கமராவும் அடுத்த கிழமை என்றார். வீதிப் பிள்ளைகள் கீழே நின்று அதற்குக் கை காட்டினார்கள். இரவில் நானே இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சிவப்பு வெளிச்சம் எரிகிறதா என்று. எரிந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த கிழமை வரவில்லை. தொலைபேசி முதலில் அடித்தது, பிறகு அடிக்கவில்லை. மூன்றாம் கிழமை அதே சந்தியில், அந்தக் கமராவுக்கு நேர் கீழே, ஒரு பொடியனின் மோட்டார் சைக்கிள் போனது. படத்தை எடுத்துப் பார்ப்போம் என்று கைத்தொலைபேசி திருத்துகிற தம்பி ஒருவர் ஏறினார். ஏறியவர் கம்பத்தில் இருந்தபடியே சிரித்தார். சிரித்ததற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். கோது மட்டும்தான். உள்ளே இரண்டு பற்றரி, ஒரு சிவப்பு பல்ப். கறுப்பு வயர் கம்பத்தைச் சுற்றி இறங்கி, கட்டுக்கம்பிக்குப் பின்னால் வெட்டி விடப்பட்டிருந்தது. எங்கேயும் போகவில்லை.

முறைப்பாடு செய்யப் போன கதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் போக வேண்டி வரலாம். முதல் நாள் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் சந்தேகநபர்களோடு நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். இருந்தவர் சிங்களத்தில் எழுதுகிறேன், ஒப்பம் வையுங்கள் என்றார். வாசிக்கத் தெரியாத கடிதத்தால் பட்டது போதும் என்று திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் நாள் தமிழில் எழுதினார்கள், வாசித்துக் காட்டச் சொல்லி ஒப்பமிட்டேன். முதலில், சின்னத் தொகைதானே, மத்தியஸ்த சபைக்குப் போகலாமே என்றார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது, நல்ல சபைதான், எங்கள் வளவு எல்லைத் தகராறு ஒன்று அங்கேதான் தீர்ந்தது. ஆனால் எதிராளியின் பெயரே தெரியாமல் யாரோடு மத்தியஸ்தம் பேசுவது? தண்டனைச் சட்டக் கோவையில் வஞ்சனைக்கு 398ஆம் பிரிவிலிருந்து இடமிருக்கிறது, ஏமாற்றிப் பொருளைக் கையளிக்கச் செய்வதற்கு 403 தனியாக இருக்கிறது என்று சட்டம் படிக்கிற மாணவர் ஒருவர் எழுதித் தந்த துண்டைக் காட்டிய பிறகுதான் குற்றப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மூன்றாம் நாள், காசுக்கு அந்த ஆள் தந்த பற்றுச்சீட்டுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அங்கே இயந்திரம் இருக்கிறது, மை இல்லை. முன்னால் உள்ள கடையில் எடுத்துக் கொடுத்தேன், கூடவே ஒரு கட்டுக் கடதாசியும் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுத்தது சரியா பிழையா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க கமராவுக்கு ஒருத்தரையும் அனுப்பேல்ல ஐயா. ஒரு ஃபோன் அடிச்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பம்." அது உண்மை. மோட்டர் போன இரவு அடித்த எனக்கு, காசு கொடுக்கும் பகலில் அடிக்கத் தோன்றவில்லை.

பலருக்கு விளங்காத ஒன்று, எனக்கும் அப்போது விளங்கவில்லை. நாங்கள் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ கட்டுகிற வரியில் ஒரு ரூபா பொலிசுக்குப் போவதில்லை. மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் 1987 முதல் தாளில் இருக்கிறது, தாளில் மட்டும். சம்பளம், ஜீப், டீசல் எல்லாம் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனத்துக்குத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் பெற்றோல் செட்டில் வரிசையைக் காவல் காக்கவே பொலிஸ் நின்றது. இருக்கிற ஆட்களையும் தேர்தல், திருவிழா, பரீட்சை, நீதிமன்றம் என்று பிரித்துப் போட்டால் எங்கள் கிணற்றடிக்கு யார் மிச்சம்? இதைப் பொலிசுக்கு வக்காலத்தாக எழுதவில்லை. இரவு இரண்டு மணிக்கு வராதது வராததுதான். ஆனால் இந்தக் குறையை ஒரு நிலையம் வீடு வீடாகக் காசு சேர்த்து நிரப்புகிற வழமை கிடையாது. அரச காரியாலயம் காசு வாங்கினால் அதற்கென்று பொது 172 என்ற படிவத்தில், தொடரிலக்கத்தோடு பற்றுச்சீட்டு எழுதும். எனக்குக் கிடைத்தது புத்தகக் கடையில் வாங்கின சாதாரணப் பற்றுச்சீட்டுப் புத்தகம். 23 சீட்டிலும் இலக்கம் இல்லை. கணித ஆசிரியர் நான் அதையும் பார்க்கவில்லை.

ஆகவே வருகிறவர் தருகிற இலக்கத்துக்கு அடிக்காதீர்கள். நிலையத்தின் நிரந்தரத் தொலைபேசிக்கு நீங்களே அடியுங்கள், முடிந்தால் நேரே போய்ப் பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள். கிராம சேவகருக்குத் தெரியுமா என்று பாருங்கள். உண்மையில் பொலிஸ்காரர் ஒருவரே காசு கேட்டால் அது வேறு கதை, இலஞ்ச ஆணைக்குழுவின் 1954க்கு அடிக்கலாம். வீதிக்குக் கமரா வேண்டும் என்றால் சங்கத்தில் தீர்மானம் எடுத்து, கடையில் பில்லோடு வாங்கி, பதிவாகிற பெட்டியை உங்களில் ஒருவர் வீட்டில் வையுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் ஒன்று பூட்டியிருக்கிறோம். ஒன்றுதான் முடிந்தது.

மாமியின் 5,000 ரூபாவையும் கூலி வீட்டுக் காசையும் என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்துவிட்டேன். மாமி வாங்க மாட்டேன் என்று நின்றார், மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மற்றவர்களுக்கு மாதம் இரண்டு வீடாகக் கொடுத்து வருகிறேன். வழக்கு நகரவில்லை.

போன கிழமை கல்முனையில் இருக்கிற தங்கை எடுத்தாள். அவர்கள் வீதிக்கு ஒருவர் கோப்போடு வந்தாராம், இந்த முறை ஜீப்புக்கு டயர் வாங்கவாம். மச்சான் கதிரை போடவில்லை. கேற்றடியில் நின்றபடியே, பொது 172 பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்கா தம்பி என்று கேட்டிருக்கிறார். மோட்டார் சைக்கிளில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போனவராம்.