வெந்நீர் ஊற்றுக்குச் சீட்டு: பிரான்சா, ஜெர்மனியா?

டாக்டர் சீட்டில் மாத்திரைக்குப் பதிலாக 'மூன்று வாரம் வெந்நீர் ஊற்று' என்று எழுதினால்? பிரான்சிலும் ஜெர்மனியிலும் அது நடக்கிற காரியம்தான். காசு விஷயம்தான் வேறு.

பிரான்சில் கணக்கு எளிது. 18 நாள் சிகிச்சை, வருடத்துக்கு ஒரு முறை. அரசுக் காப்பீடு ஒப்புக்கொண்டால் சிகிச்சைக் கட்டணத்தில் 65 சதவீதம் திரும்பி வரும். மூட்டுவலிக்காரர்கள் பலர் போவது தாக்ஸ் ஊருக்கு. ஊர் நடுவிலேயே சுமார் 64 டிகிரியில் ஊற்று ஆவி பறக்கக் கொட்டுகிறது. அந்தத் தண்ணீரில் பக்குவப்படுத்திய ஆற்றுச் சேற்றைச் சூட்டோடு முழங்காலிலும் இடுப்பிலும் அப்பிவிடுவார்கள். ஆஸ்துமா என்றால் லா பூர்பூல். தங்கும் செலவு பெரும்பாலும் நோயாளி தலையில்தான். வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் உதவி உண்டு.

ஜெர்மனியில் இதற்குப் பெயர் 'கூர்'. 'காலையில் சேறு, மாலையில் டாங்கோ நடனம்' என்று ஜெர்மானியர்களே கிண்டலடிப்பார்கள். 1990களில் அரசு கையை இறுக்கியதும் கூர் ஊர்கள் காற்றாடின. அப்புறம் 2021-ல், மருத்துவத் தேவை இருந்தால் காப்பீடு தந்தே ஆக வேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். ஆனாலும் பொதுவாக மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான். சிகிச்சையில் 10 சதவீதமும் சீட்டுக்கு 10 யூரோவும் கைக்காசு. தங்குவது போன்ற செலவுக்கு நாளுக்கு 16 யூரோ வரை கிடைக்கலாம் (அதில் எந்த ஊரில் ரூம் போடுவது என்று கேட்காதீர்கள்).

வருடாவருடம் படுத்தும் மூட்டுவலிக்கு என் ஓட்டு பிரான்சுக்குத்தான்.