சிம்மக்கல் சந்து சலூன்: கட்டிங் சுமார், சுவர் பிரமாதம்

முதலில் போகிறவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கட்டிங் 120 ரூபாய், ஷேவிங் 60. டை பாக்கெட்டை நீங்களே வாங்கிக்கொண்டு போனால் அடித்துவிட 80. ஏசி கிடையாது, நாற்காலி இரண்டு, அதில் ஒன்று சுற்றாது. மதுரை சிம்மக்கல்லில் இருந்து யானைக்கல் பக்கம் நடந்தால் வரும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது. வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிடுங்கள், உள்ளே கொண்டுபோனால் திருப்ப முடியாது. பெயர்ப்பலகை வெயிலிலும் மழையிலும் அழிந்து 'முடி திருத்து' என்பது வரைக்கும்தான் மிச்சம், யாருக்கோ உத்தரவு போடுவது மாதிரி நிற்கிறது.

கட்டிங் சுமார்தான். பையன்கள் கேட்கிற ஃபேட், கோடு போடுவதெல்லாம் கடைக்கார அண்ணனுக்கு வராது, வராது என்று அவரே சொல்லிவிடுவார். சாதா, சம்மர், மிலிட்டரி என்று மூன்றே வகை. மூன்றில் மிலிட்டரி கட்டிங்தான் அவர் கைக்கு அம்சமாக வருகிறது என்பது, மேற்கொண்டு படித்தீர்களானால், உங்களுக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கும். பிளேடை ஒவ்வொருத்தருக்கும் கண்முன்னால் புதிதாகப் பிரிக்கிறார், படிக்காரம் தடவுகிறார். துண்டு மட்டும் கொஞ்சம் வாடை.

இதற்கெல்லாம் ஒரு விமர்சனமா என்றால், நான் எழுத வந்தது அந்தச் சுவருக்காக.

காத்திருக்கிற பெஞ்சுக்கு எதிரே, மற்ற சலூன்களில் நடிகர்கள் தலையலங்காரத்தோடு சிரிக்கிற இடத்தில், இங்கே முழுக்கப் பேப்பர் கத்தரிப்புகள். நடுவில் மேலிருந்து கீழே ஒரு சாக்பீஸ் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் 'மொத நாள்' என்று எழுதியிருக்கிறார், வலப்பக்கம் 'அப்புறம்'. எல்லாமே அமெரிக்கா வெளிநாடுகளில் போட்ட சண்டைகள். முதல் நாள் சேதி இடது பக்கம், பின்னால் தெரியவந்தது வலது பக்கம், நடுக்கோட்டின் மேல் இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் என்ற கணக்கு. கத்தரிப்பு கிடைக்காத இடத்தில் நோட்டுத் தாளில் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார். பழைய பத்திரிகைகளைத் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கட்டாக வாங்குவாராம். ஆங்கிலச் சேதிகளைக் காலேஜ் படிக்கிற மகள் வாசித்துச் சொல்லுமாம்.

மேல் வரிசையில் வியட்நாம். 1968 மார்ச் 16, மை லாய் கிராமம். 128 எதிரிகளைக் கொன்றோம் என்று ராணுவம் சொன்னது, நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே போட்டது. வலது பக்கம் 1969 நவம்பர். சீமோர் ஹெர்ஷ் என்ற நிருபர் அங்கே நிஜமாக நடந்த சேதியைத் தூக்கிக்கொண்டு பெரிய பத்திரிகைகளிடம் போய், அவர்கள் கை விரித்த பிறகு, ஒரு சின்ன செய்தி நிறுவனம் வழியாக வெளியே விட்டார். செத்தவர்கள் கிழவர்களும் பெண்களும் பிள்ளைகளும், வியட்நாம் கணக்குப்படி 504 பேர். கோட்டின் மேல் '20 மாசம்'.

அதற்குக் கீழே 1990 அக்டோபர். குவைத் ஆஸ்பத்திரியில் இராக் சிப்பாய்கள் இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளைத் தரையில் போட்டுவிட்டுப் பெட்டிகளை எடுத்துப் போனதாக 15 வயதுப் பெண் ஒருத்தி அமெரிக்க எம்.பி.க்கள் முன்னால் அழுதுகொண்டே சொன்னாள். நயிரா என்ற பெயர் மட்டும் வெளியே வந்தது. அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள், ஏற்பாடு செய்தது குவைத் பணத்தில் வேலை பார்த்த ஒரு விளம்பர கம்பெனி என்பது 1992 ஜனவரியில் தெரிந்தது. '15 மாசம்'. அதற்குள் இராக்கோடு சண்டை நடந்து முடிந்து ஒரு வருசம் ஆகப்போகிறது.

2003 பிப்ரவரி 5, இராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. சபையில் சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டுகிற படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எதிரே 2004 மே 26: இராக் ஆயுதங்கள் பற்றித் தாங்கள் எழுதிய பல செய்திகளைப் போதுமான அளவு சோதிக்கவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர் குழு எழுதிய குறிப்பு. பத்தாம் பக்கத்தில் வந்தது. அந்த '10' என்ற எண்ணைச் சிவப்புப் பேனாவால் மூன்று தடவை வட்டம் போட்டிருக்கிறார்.

நான் என் முறையை விட்டுவிட்டு நின்றது காபூலுக்குத்தான். 2021 ஆகஸ்ட் 29, ஆப்கானிஸ்தானை விட்டு அமெரிக்கா கிளம்புகிற கடைசி நேரத்தில் ஒரு வெள்ளை டொயோட்டா காரை ட்ரோன் அடித்தது. வெடிகுண்டு ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்த தீவிரவாதி என்றார்கள், ராணுவத் தலைமைத் தளபதியே நியாயமான தாக்குதல் என்றார். காரில் இருந்தது தண்ணீர் கேன்கள். ஓட்டியவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்துக்கே வேலை பார்த்தவர். செத்தது 10 பேர், அதில் 7 பேர் குழந்தைகள். செப்டம்பர் 17 அன்று தப்பு என்று ஒப்புக்கொண்டார்கள், தண்டனை யாருக்கும் இல்லை. '19 நாளு'. நான் அதைப் படிப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "காலையில வெள்ளன நம்ம சந்துல நின்னு பாருங்க தம்பி, எத்தனை வண்டியில கேன் போகுதுன்னு."

டிவி உண்டு. சண்டைச் செய்தி வந்தால் சத்தத்தை அமுக்கிவிடுவார். 2025 ஜூனில் ஈரானின் மூன்று அணுசக்தி இடங்கள் மேல் அமெரிக்கா குண்டு போட்ட நாளில் நான் அங்கே இருந்தேன். திரையில் கம்ப்யூட்டரில் வரைந்த விமானம் மலைக்குள் குண்டை இறக்குகிறது, மறுபடி இறக்குகிறது, ஊமைப்படம் மாதிரி. பின்னணி இசை இல்லாமல் பார்த்தால் அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரிகிறது. வீட்டில் ஒருதரம் செய்து பாருங்கள். அழிந்தே போயிற்று என்று டிரம்ப் சொன்னது இடது பக்கம் ஏறிவிட்டது. சில நாளில் கசிந்த முதல் உளவு மதிப்பீடு, ஈரானின் அணுத் திட்டம் சில மாதங்கள்தான் தள்ளிப்போயிருக்கும் என்றது, வெள்ளை மாளிகை அதை மறுத்தது. அதை வலது பக்கம் பென்சிலில் எழுதி 'பொறு' என்று போட்டிருக்கிறார். பேனாவில் எழுத இன்னும் மனசு வரவில்லையாம்.

கீழ் வரிசை முழுக்கப் போராட்டக்காரர்களுக்கு. எனக்கு இந்த வரிசைதான் ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் சண்டை பற்றிப் பொய் சொன்ன கதை நமக்குக் கொஞ்சமாவது தெரியும், வேண்டாம் என்று சொன்னவனை எப்படி எழுதினார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. இராக் போர் வேண்டாம் என்று 2002 அக்டோபர் 26 அன்று நடந்த வாஷிங்டன் ஊர்வலத்துக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவான கூட்டம் என்று மறுநாள் எழுதிய அதே நியூயார்க் டைம்ஸ், மூன்று நாள் கழித்து போலீஸ் கணக்கே ஒரு லட்சம், ஏற்பாட்டாளர்களே அசந்துபோனார்கள் என்று இன்னொரு செய்தி போட்டது. 2003 பிப்ரவரி 15 அன்று உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நகரங்களில் ஜனம் தெருவுக்கு வந்தது. லண்டனில் மட்டும் போலீஸ் கணக்கே ஏழரை லட்சம். ஆனால் பவல் பேசிய நாளை ஒட்டி இரண்டு வாரம் அமெரிக்காவின் நான்கு டிவி செய்திகளில் இராக் பற்றிப் பேச வைத்த 393 பேரை ஓர் ஊடகக் கண்காணிப்பு அமைப்பு எண்ணிப் பார்த்தது, அதில் போர் எதிர்ப்பு இயக்கத்து ஆட்கள் 3 பேர். அதே மாதம்தான் எம்.எஸ்.என்.பி.சி. சேனலில் போர் வேண்டாம் என்றவர்களையும் பேச வைத்த பில் டோனஹ்யூவின் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள், அந்தச் சேனலிலேயே அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அது.

மார்ட்டின் லூதர் கிங்கும் இந்த வரிசையில்தான். 1959இல் காந்தி பிறந்த நாட்டைப் பார்க்க வந்து கன்னியாகுமரி வரைக்கும் போன மனிதர். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் தேவாலயத்தில் வியட்நாம் போருக்கு எதிராகப் பேசினதும், அதுவரை அவரைப் புகழ்ந்த பத்திரிகைகள் உமக்கு எதற்கு இந்த வேலை என்கிற தோரணையில் தலையங்கம் எழுதின. சரியாக ஒரு வருசம் கழித்து அதே ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரிப்பு, தமிழ்ப் பேப்பர், பெயர் வேண்டாம். 2003 மார்ச்சில் இராக் போரை எதிர்த்து நம்ம ஊரில் நாற்பது பேர் அட்டை பிடித்து நின்றதைப் பற்றி நாலு வரி. 'போக்குவரத்து பாதிப்பு' என்று தலைப்பு. படத்தில் ஓர் அட்டையும் அதைப் பிடித்திருக்கும் முழங்கையும் தெரிகிறது. முழங்கை அண்ணனுடையது. "அந்த வழியா அன்னைக்கு ஒரு டவுன் பஸ்ஸு, ரெண்டு மாட்டு வண்டி தம்பி. பாதிப்பாம்ல." இதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு இருபது வருசத்துக் கோபம் அப்படியே வருகிறது. ஆனால் அதே வருசம் ஏப்ரலில் நம் பாராளுமன்றம் அந்தப் போரைப் பற்றிப் போட்ட தீர்மானத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்: இந்தியில் 'நிந்தா' என்று போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் அதைக் கண்டனத்துக்கு ஒரு படி கீழான, வருந்துகிற மாதிரியான சொல்லாக வைத்தார்கள். நம் 'நிந்தனை'தான் அந்த நிந்தா. கண்டிக்கவும் வேண்டும், அமெரிக்காவுக்கு வலிக்கவும் கூடாது என்றால் இரண்டு மொழி இருப்பது எவ்வளவு வசதி பாருங்கள்.

ஒருநாள் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தேன். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே அன்றைய பேப்பரைக் காட்டினார். 'வான்வழித் தாக்குதலில் 30 பேர் பலி' என்கிற வகைத் தலைப்பு. "பலின்னா என்னா தம்பி? கெடா வெட்டுனா பலி. வெட்டுனவன் இல்லாம பலி உண்டா? முனியாண்டிக்குக் கெடா போட்டா யாரு வீட்டுக் கெடான்னு ஊருக்கே தெரியும்ல. இதுல குண்டு தானா விழுந்த மாதிரி போடுறான்." நான் எத்தனை வருசமாகப் பேப்பர் படிக்கிறேன், அந்தச் சொல்லுக்குள் ஒரு கோயில் வாசல் இருப்பது உறைத்ததே இல்லை. ஒரு பேப்பரில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற நண்பனிடம் கேட்டேன். அவன் அசரவில்லை. "'கொல்லப்பட்டனர்' ஒன்பது எழுத்து, 'பலி' ரெண்டு எழுத்து. ஒரு பத்தித் தலைப்புல எதுடா அடங்கும்?" அப்புறம் அவனே சொன்னான்: வெளிநாட்டுச் செய்தி எல்லாம் ஏஜென்சி கொடுப்பது, வாஷிங்டனில் சாயங்காலம் ஐந்து மணி என்றால் கோடையில் நமக்கு ராத்திரி இரண்டரை, அச்சுக்குப் போகிற அவசரத்தில் அதிகாரி சொன்னதை மொழிபெயர்க்கத்தான் நேரம், பாக்தாத்துக்குப் போன் போட்டா கேட்க முடியும்? அவன் சொல்வதும் நியாயம்தான். ஆக, காலையில் டீயோடு நாம் படிக்கிறது பெரும்பாலும் அந்த இடது பக்கம்.

குறையும் சொல்ல வேண்டும். சுவர் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. ரஷ்யா 2022இல் உக்ரைனுக்குள் நுழைந்ததைப் பற்றி ஒரு துண்டுத்தாள் கூட இல்லையே என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "அதுக்கு வேற சொவரு வேணும்ணே" என்றார் அண்ணன். எனக்கு அந்தப் பதில் பத்தவில்லை. இருக்கிற சுவரிலேயே ஷாம்பு விளம்பரம் ஒட்ட இடம் இருக்கிறது. இன்னொன்று, 'அப்புறம்' பக்கத்தில் இருக்கிற பாதிக்கு மேல் அமெரிக்க நிருபர்களே தோண்டி எடுத்தது. மை லாய் மட்டும் இல்லை, காபூல் காரில் இருந்தது தண்ணீர் கேன் என்று வீடியோக்களை அடுக்கிக் காட்டியதும் அதே நியூயார்க் டைம்ஸ்தான். அதைச் சொன்னேன். "அது சரிதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் ஸ்ப்ரேயை என் காதுக்குள் அடித்தார், வேண்டுமென்றா தெரியாமலா என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு விஷயத்துக்கு நான் அவருக்கு முழு மார்க்கும் போடுவேன். அந்த ஈரான் வாரத்தில் வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு படத்தை, ராத்திரி வானத்தில் ஏவுகணைகள் சீறுகிற படம், கலர் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். கட்டிங்குக்கு வந்த ஒரு காலேஜ் பையன் பார்த்துவிட்டு, "இது கேம்ணே, நானே விளையாடியிருக்கேன்" என்று போனில் போட்டே காட்டிவிட்டான். நானாக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்துப் போட்டிருப்பேன். இவர் கிழிக்கவில்லை. அதை இடது பக்கத்திலேயே விட்டுவிட்டு, எதிரே அதே அளவு தாளில், அதே கலர் பிரிண்ட் செலவு செய்து, 'இது வீடியோ கேம் படம். நான் ஏமாந்து ஒட்டினது' என்று தேதியோடு ஒட்டி, நடுக்கோட்டில் '2 நாளு' என்று எழுதிவிட்டார். எதற்கு இவ்வளவு பெரிதாக என்றதற்கு, "தப்பு எம்புட்டுப் பெருசா போட்டேனோ திருத்தமும் அம்புட்டுப் பெருசா இருக்கணும்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை லீவு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ஒரு மணி நேரம் பெஞ்சுதான், சுவரைப் படிக்கவும் விடாமல் முன்னால் ஆள் நிற்கும். புதன், வியாழன் காலை பத்து மணிக்கு மேல் நல்லது. போன தடவை காபூல் கதையை மறுபடி ஆரம்பித்து, இடது கிருதா வலதைவிட அரை இஞ்சு மேலே ஏறிவிட்டது, வீட்டுக்கு வந்து மனைவி சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்துப் போய்க் காட்டினேன். மறுபேச்சு இல்லாமல் உட்கார வைத்துச் சரிபண்ணினார், காசு வாங்கவில்லை. அதனால் நீங்கள் போனால், அவர் சுவர்ப்பக்கம் திரும்பின உடனே, "அண்ணே, கிருதாவை முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள்.