சதைக்கனி மாதிரிகள்: மாவில் தேர்ச்சி, ஆப்பிளில் பிழை

தாவரவியல் வகுப்பில் காட்டுவதற்காக வாங்கிய இந்த மாதிரித் தொகுப்பில் மா, ஆரஞ்சு, தக்காளி, பேரீச்சை, ஆப்பிள் ஆகிய ஐந்து கனிகள், வெட்டிய நிலையில், பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டுள்ளன. பூவில் விதைகள் உருவாகும் சூற்பையின் சுவரே கனியில் வெளித்தோல், நடுத்தோல், உள்தோல் என்னும் மூன்று அடுக்குகளாகிறது. எல்லாக் கனிகளிலும் வெளித்தோலுக்குப் பச்சை, நடுத்தோலுக்கு மஞ்சள், உள்தோலுக்குப் பழுப்பு என ஒரே நிற முறையைக் கையாண்டிருப்பதால், ஒரு கனியில் கற்றதை அடுத்த கனியில் மாணவர்கள் தாமே தேடிப் பார்க்கிறார்கள். நிறம் தவறினால் பாடமும் தவறிவிடும் என்பதே இம்முறையிலுள்ள சிக்கல்.

மாவின் உருவம் மிகச் சிறப்பானது. பழுப்பு நிற ஓடு இரண்டாகத் திறக்க, உள்ளிருந்து விதை தனியே கழன்று வருகிறது. நாம் கொட்டை என்று சொல்வது விதை மட்டுமன்று, கல்லாக இறுகிய உள்தோலும் சேர்ந்ததே என்பதை விளக்க எனக்கு வழக்கமாகப் பத்து நிமிடமாவது ஆகும். இங்கே அதைக் கை விரல்களே சொல்லிவிடுகின்றன. ஆரஞ்சும் சளைத்ததன்று. வெளித்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளிகளாகத் தெரிகின்றன. சுளையை மூடிய சவ்வாகிய உள்தோலிலிருந்து, சாறு நிறைந்த தூவிகள் சிறு காம்புகளுடன் உள்நோக்கி நீள்கின்றன. தக்காளியில் விதைகளைச் சூழ்ந்த கூழுக்குத் தனி நிறம் தந்திருப்பதும் சரியே.

பேரீச்சையில்தான் சறுக்கல் தொடங்குகிறது. அதன் கொட்டை முழுவதும் விதையே. உள்தோலோ அதைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு மட்டும். மாவை மனத்தில் வைத்துக்கொண்டு வண்ணம் பூசியவர், கொட்டையையே பழுப்பாக்கிவிட்டார்.

ஆப்பிளில் உள்ள பிழை இதைவிடப் பெரிது. நாம் உண்ணும் சதையின் பெரும்பகுதி சூற்பையிலிருந்து உருவாவதன்று. பாடநூல்கள் பூத்தளம் என்று குறிக்கும், சூற்பையோடு இணைந்து அதைச் சூழ்ந்து பருக்கும் பூவின் பகுதியிலிருந்து உருவாவது. சூற்பையிலிருந்து உருவாகும் உண்மைக்கனி நடுவில் இருக்கிறது. விதையறைகளைச் சூழ்ந்த, பற்களில் சிக்கும் அந்த விறைப்பான சுவரே உள்தோல். விளக்கத்தாள் ஆப்பிளைப் பொய்க்கனி என்று சரியாகவே சொல்ல, உருவத்திலோ சதை முழுவதும் நடுத்தோலுக்குரிய மஞ்சள்! தாளைப் படிப்பவர் எத்தனை பேர்?

மற்ற மூன்றுக்காக இத்தொகுப்பை வாங்கலாம். ஆப்பிளின் புறச்சதைக்கு நானே வெள்ளை வண்ணம் பூசி, மையத்தைச் சுற்றிக் கோடு வரைந்த பிறகே வகுப்புக்கு எடுத்துச் சென்றேன்.