ஸ்டைல் பிளகின் என்ற பெயரில் எங்கள் தலையில் கட்டப்பட்ட ஜிப் கோப்பு: ஓர் எச்சரிக்கை

சிறு பதிப்பகம் ஒன்றின் மூன்று வேர்ட்பிரஸ் தளங்களை (வேர்ட்பிரஸ் என்பது வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருள்) நான் கவனித்து வருகிறேன். நூல் விற்பனை, மாத இதழ், சிறுவர் நூல்கள் என மூன்றும் தனித்தனித் தளங்கள். தலைப்பு, மேற்கோள் கட்டம், நூல் அறிமுகப் பெட்டி, விலைப் பொத்தான் ஆகியவை மூன்றிலும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும், தளத்துக்கு மொத்தத் தோற்றம் தரும் தீம் மாறினாலும் அது கலையக் கூடாது என்பதற்காக, நிறம், எழுத்துரு, இடைவெளி போன்ற ஸ்டைல்கள் அனைத்தையும், வேர்ட்பிரஸில் இணைக்கும் துணைநிரலான பிளகின் ஒன்றாகச் செய்து தரும்படி ஒரு வலை வடிவமைப்பு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தோம். பாதித் தொகை முன்பணம், மீதி வேலை முடிந்ததும் என்பது பேச்சு. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்ததால் மீதியும் கொடுக்கப்பட்டது.

சில மாதங்கள் கழித்துச் சிறுவர் நூல் தளத்தின் தீம் மாற்றப்பட்டபோது நிறங்களும் இடைவெளிகளும் போய்விட்டன. பிளகின் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்ததில், ஸ்டைல்களில் பெரும்பகுதி பிளகினிலேயே இல்லை என்பது தெரிந்தது. தீமின் தோற்றத்தை மாற்றும் கஸ்டமைசர் பக்கத்தில், தோற்றக் கட்டளைகளை (சிஎஸ்எஸ்) எழுதுவதற்கென உள்ள 'அடிஷனல் சிஎஸ்எஸ்' பெட்டியில் அவற்றை ஒட்டிவைத்திருந்தார்கள். 2016இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் 4.7 பதிப்பிலிருந்து உள்ள அந்தப் பெட்டியில் எழுதுவது, ஒவ்வொரு தீமுக்கும் தனித்தனியாகத் தரவுத்தளத்தில் சேமிக்கப்படும். பழைய தீமுக்குத் திரும்பினால் அதுவும் திரும்பும். புதிய தீமுக்கு வராது. எதற்காகப் பிளகின் கேட்டோமோ, அந்த ஒரே காரணத்தை அவர்கள் காற்றில் பறக்கவிட்டிருந்தார்கள்.

அடுத்த அடி அப்டேட் வடிவில் வந்தது. டாஷ்போர்டில் அந்தப் பிளகினுக்குப் புதிய பதிப்பு இருப்பதாக அறிவிப்பு வந்தது. இதழ்த் தளத்தில் அலுவலக உதவியாளர் வழக்கம்போல் அப்டேட் செய்தார். உடனே எங்கள் பிளகினின் பெயரே மாறி, முன்பின் தெரியாத ஒரு பிளகின் அவ்விடத்தில் வந்து உட்கார்ந்தது. வேர்ட்பிரஸின் சொந்தத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிளகின் ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, கோப்புறையின் பெயரை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆகவே மூலப் பிளகினின் அப்டேட் எங்களுக்கும் வந்து, இவர்கள் செய்திருந்த சொற்பத் திருத்தங்களையும் அழித்துவிட்டது. இதைத் தடுப்பதற்கென்றே 2021இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து பிளகினின் தலைக்குறிப்பில் 'அப்டேட் யுஆர்ஐ' என்ற வரி சேர்க்கும் வசதி இருக்கிறது. ஒரு வரி எழுதுவதற்குக்கூடக் கை வரவில்லை.

எடுத்து மாற்றியதில் சட்டப்படி தவறில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிளகின் வேர்ட்பிரஸைப் போலவே ஜிபிஎல் என்னும் திறமூல உரிமத்தில் வெளிவந்தது; யாரும் திருத்தலாம், விற்கலாம். ஆனால் மூலப் பதிப்புரிமைக் குறிப்புகளை நீக்கக் கூடாது, திருத்தியதைத் தெரிவிக்க வேண்டும் என்று அதே உரிமம் கேட்கிறது. எங்களுக்கு வந்த ஜிப் கோப்பில் மூல ஆசிரியரின் பெயர் துடைக்கப்பட்டிருந்தது. உள்ளே நிரலில் ஒவ்வொரு ஃபங்ஷன் (கட்டளைத் தொகுப்பு) பெயரின் முன்னொட்டிலும் பழைய பிளகினின் பெயர் அப்படியே பல்லைக் காட்டியது.

தமிழுக்கான வேலை எதுவும் நடக்கவில்லை. தலைப்புகளின் வரி உயரம் 1.1 என்றும், வரிக்கு வெளியே போவது மறையட்டும் என்றும் வைத்திருந்தார்கள். விளைவாக, 'கீ', 'மீ' ஆகியவற்றின் மேல்சுழியும் 'மு', 'ழு' ஆகியவற்றின் கீழ்க்கோடும் வெட்டுப்பட்டன. ஆங்கில எழுத்துகள் மட்டுமே உள்ள எழுத்துருவைப் போட்டிருந்ததால், தமிழ் ஒவ்வொரு கருவியிலும் அதனதன் எழுத்துருவில் வேறுவேறாகத் தெரிந்தது. நூல் அறிமுகப் பெட்டியோ, பதிவில் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் பிளகின் பெட்டியாக மாற்றிக் காட்டும் ஷார்ட்கோடால் கட்டப்பட்டது. பிளகினை நிறுத்தியதும் பழைய பதிவுகளிலெல்லாம் சதுர அடைப்புக்குறிகளும் அவற்றுக்குள் நிறக் குறியீடுகளும் வாசகர் கண்ணில் பட்டன.

நிறுவனத்தைக் கேட்டபோது, "அப்டேட் செய்தது நீங்கள், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் சரிசெய்து தருகிறோம்" என்றார்கள். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

இத்தகைய வேலையைக் கொடுப்பவர்கள், மீதித் தொகைக்கு முன் ஒரு சோதனைத் தளத்தில் வேர்ட்பிரஸுடன் வரும் இயல்பான தீமைப் போட்டு, ஜிப் கோப்பை நிறுவிப் பாருங்கள். தோற்றம் அப்படியே வர வேண்டும். அடுத்து பிளகினை நிறுத்துங்கள். அலங்காரம் போகலாம், எழுத்து சிதையக் கூடாது. 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்தே பத்தி, மேற்கோள் போன்று பதிவின் துண்டுகளான பிளாக்குகளுக்குப் பெயரிட்ட ஸ்டைல்களைப் பிளகின் வழியாகப் பதிவுசெய்யும் முறை உள்ளது. அதில் பத்தி என்பது பத்தியாகவே இருக்கும், தோற்றத்தைக் குறிக்கும் ஒரு கிளாஸ் பெயர் மட்டுமே கூடும். பின்னர் வேறொருவர் எங்களுக்கு இம்முறையில்தான் செய்து கொடுத்தார். சிஎஸ்எஸ் கோப்பு பிளகினுக்குள் இருக்க வேண்டும், கோப்புறைக்குத் தனிப்பெயர் வேண்டும், ஷார்ட்கோடு கூடாது என்பவற்றை வேலை உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள்.

நுகர்வோர் ஆணையத்தை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கில் சேவை பெறுபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. எங்கள் புகார் ஆணையத்தில் நிற்குமா என்று வழக்கறிஞர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கிடையே, ஷார்ட்கோடு சிதறிய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தி வருகிறோம்.