ஒரு நாளில் ஒரு கதையா, ஒரு மாதத்தில் ஒரு கதையா?

அன்றாடம் ஒரு சிறுகதையை எழுதி முடிப்பதா, ஒரே கதையை வாரக்கணக்கில் செதுக்குவதா என்ற கேள்விக்கு ரஷ்ய எழுத்தாளர் அன்டன் செகாவ் இரண்டு வழிகளிலும் நடந்து காட்டியிருக்கிறார். 1880களில் ‘அஸ்கோல்கி’ வார இதழின் ஏறத்தாழ 100 வரி வரம்புக்குள் எழுதிப் பழகியதால், முதல் வரியிலேயே பாத்திரத்தை நிறுத்தவும், வேண்டாத விவரத்தை வெட்டவும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கதையை முடிக்கவும் அவருக்குக் கை வந்தது. முடிக்கும் துணிவை வேறெந்தப் பயிற்சியும் இந்த அளவு தராது என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் 1886இல் மூத்த எழுத்தாளர் கிரிகரோவிச் அவசரமாக எழுத வேண்டாம் என்று கடிதம் எழுதியபோது, எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாக நினைவில்லை என்று செகாவ் ஒப்புக்கொண்டார். 1888இல் வெளிவந்த ‘ஸ்டெப்பி’ (பரந்த புல்வெளி) என்ற நெடுங்கதையை அவர் நிதானமாக எழுதினார். அதன் நிலக்காட்சி விரிவு ஒருநாள் கதைக்குள் அடங்காது. தொடக்க நிலையினர் அன்றாடக் கதைகளை எழுதிக் குவித்துவிட்டு, அவற்றில் மனத்தை விட்டு அகலாத ஒன்றை மட்டும் எடுத்து விரிக்கலாம்.