சுசுகியா டைஹாட்சுவா? குட்டி காருக்குன்னே பொறந்த ரெண்டு கம்பெனி

ஜப்பான் கார்னாலே டொயோட்டா, ஹோண்டான்னு பேச்சு போயிடுது. ஆனா அங்க விக்கிற புது வண்டில மூணுல ஒண்ணுக்கு மேல மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட கெய் கார் தான், அளவுக்கு வரம்பு வெச்ச குட்டி கார் ரகம், டாக்ஸி இல்ல. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி, இதுக்கு மேல ஒரு இன்ச் கூட போகக்கூடாது, அதுக்குள்ள நாலு பேர் கால் நீட்டி உக்காரணும், விலையும் கம்மியா இருக்கணும். தனி மாடலா பார்த்தா இப்ப ஹோண்டா என்-பாக்ஸ் தான் டாப்பு, அது வேற விஷயம். இந்த விளையாட்டையே பொழப்பா வெச்சிருக்கிறது சுசுகியும் டைஹாட்சுவும் தான்.

வயசுல மூத்தது டைஹாட்சு. 1907ல ஒசாகால எஞ்சின் செய்யற கம்பெனியா ஆரம்பிச்சு, 1930கள்ல மூணு சக்கர வண்டிக்கு வந்தாங்க, 1957ல வந்த மிட்ஜெட் பயங்கர ஹிட், தாய்லாந்துக்கும் ஏற்றுமதி ஆச்சு, அங்க ஓடுற டுக்டுக்குக்கு அது தான் பாட்டன். சுசுகி கதை தறில ஆரம்பிக்குது. மிச்சியோ சுசுகி 1909ல ஹமமட்சுல தறி செய்ய ஆரம்பிச்சார், 1952ல சைக்கிள்ல மாட்டுற 36 சிசி மோட்டார், 1955ல சுசுலைட் கார், அதுலயே ஃப்ரண்ட் வீல் டிரைவ். அந்தக் காலத்துக்கு அது ரொம்ப துணிச்சல்.

நேருக்கு நேர் மோதல்னா 1979 ஆல்டோ தான். ஒசாமு சுசுகி தலைவரான அடுத்த வருஷமே வந்தது, விலை 4,70,000 யென். பயணிகள் காருக்கு வரி இருந்துச்சு, சரக்கு வண்டிக்கு கிடையாது, அதனால பின் சீட்டை பேருக்கு வெச்சு சரக்கு வேனா பதிவு பண்ணி வித்தாங்க. வீட்ல இருக்கிற பொம்பளைங்க காய்கறி வாங்கப் போறதுக்குன்னு ரெண்டாவது காரா வாங்கிட்டுப் போனாங்க. டைஹாட்சு சும்மா இருக்குமா, 1980லயே மிராவ இறக்குனாங்க. இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், ஆல்டோல அப்ப இருந்தது புகை கக்குற டூ ஸ்ட்ரோக், மிராவுல ஃபோர் ஸ்ட்ரோக். எஞ்சின் விஷயத்துல டைஹாட்சு ஒரு படி மேல தான், 1977 சரேட்ல மூணு சிலிண்டர் ஒரு லிட்டர் ஃபோர் ஸ்ட்ரோக் போட்டாங்க, 1983ல அதே அளவுல டீசலே போட்டாங்க. இன்னைக்கு நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார்ல நிறைய மூணு சிலிண்டர் தானே.

1993 வேகன் ஆர்ல சுசுகி அடுத்த அடி அடிச்சாங்க, நீளம் கூட்ட முடியாதா, உயரத்த கூட்டுன்னு. டைஹாட்சு 1995ல மூவ், 2003ல இன்னும் உயரமா டான்டோன்னு பதில் சொன்னாங்க. 2007 டான்டோவ கிட்ட போய் பார்த்தா அசந்துடுவீங்க. நடைபாதை பக்கம், அதாவது இடது பக்கம், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவுல தூணே இல்ல, தூண கதவுக்குள்ளயே வெச்சுட்டாங்க. ரெண்டையும் திறந்தா ஒரு வாசல் மாதிரி இருக்கும், குழந்தைய தூக்கிட்டு அப்படியே உள்ள ஏறலாம், ஸ்ட்ரோலர மடிக்காம தூக்கி வெக்கலாம், வயசானவங்களுக்கும் சுலபம். உள்ள இடம் பண்றதுல டைஹாட்சு தான் கெட்டி.

எடை குறைக்கிறதுல சுசுகி. 2014 ஆல்டோவோட பேஸ் மாடல் வெறும் 610 கிலோ, 2017 மிரா இ:எஸ் 650. நாற்பது கிலோ தானேன்னு நெனைக்காதீங்க, 660 சிசிக்கு அது பெருசு, மைலேஜ், பிரேக், டயர் எல்லாத்துலயும் தெரியும்.

மத்தபடி ரகம்னு வந்தா சுசுகி எங்கயோ போயிடுது. ஹயபூசா பைக், படகு மோட்டார், 1970ல இருந்து வர்ற ஜிம்னிங்கிற குட்டி ஜீப். ஏணி மாதிரி அடிச்சட்டம் (லேடர் ஃப்ரேம்), முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு சக்கரத்தையும் ஒரே தண்டுல சேர்க்கிற ரிஜிட் ஆக்சில்னு இன்னும் அதே பிடிவாதம். குர்கான்ல செய்யற அஞ்சு டோர் ஜிம்னிய 2025ல ஜப்பான்ல விட்டாங்க, சில நாள்லயே சுமார் 50,000 ஆர்டர் குவிஞ்சு புக்கிங்க நிறுத்திட்டாங்க! டைஹாட்சு பக்கம் ஆசைப்பட ஒண்ணுன்னா கோபென், கூரை தானா மடங்கற ரெண்டு சீட்டர், அழகு.

வெளிநாட்டுல தான் ரெண்டு பேர் பாதையும் பிரியுது. மாருதிக்கு கூட்டாளி தேடும்போது டைஹாட்சுவும் ரேஸ்ல இருந்தாங்க, சுசுகி கைக்கு போச்சு, 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு. நம்ம ஓசூர்ல டிவிஎஸ்ஸோட சேர்ந்து பைக் செஞ்சதும் இவங்க தான், 2001ல பிரிஞ்சாங்க. டைஹாட்சு மலேசியாவுக்கு போனாங்க. 1994 பெரோடுவா கன்சில் மிராவோட வாரிசு, 2005 மைவி டைஹாட்சு பூனோட உடன்பிறப்பு. கிள்ளான்லயோ ஈப்போலயோ மைவி ஓட்டுற நம்மாளுங்க ஓட்டுறது டைஹாட்சு தான், பேர் தான் வெளிய தெரியாது. டொயோட்டா ரைஸ், பாஸோ, சுபாரு விக்கிற கெய் கார்னு டைஹாட்சு செய்யற எல்லாத்துலயும் அடுத்தவன் பேட்ஜ். 2016ல டொயோட்டா முழுசா வாங்கியும் போட்டுடுச்சு.

எனக்கு உறுத்துறது அது தான். 2023 டிசம்பர்ல வந்த விசாரணை அறிக்கைல டைஹாட்சுவோட 64 மாடல்ல சோதனை முறைகேடு, 1989 வரைக்கும் பின்னால போகுது. மோதல் சோதனைல ஏர்பேக் சென்சார்ல விரியாம டைமர் வெச்சு விரிச்சிருக்காங்க, காரணம் அவசர அவசரமா மாடல் இறக்க சொன்ன நெருக்கடின்னு அறிக்கையே சொல்லுது. ஜப்பான்ல இருந்த தொழிற்சாலை எல்லாம் நின்னுச்சு. சுசுகியும் உத்தமன் இல்ல, 2016ல மைலேஜ் சோதனை பிரச்சனை, 2019ல இன்ஸ்பெக்ஷன் சரியா பண்ணலன்னு 20 லட்சம் வண்டி ரீகால். ஆனா ஏர்பேக்ல கை வெக்கிறது வேற ரகம், அது உயிர். 2009ல ஒப்பந்தம் போட்டு 19.9 சதவீதம் பங்கு வாங்கி உள்ள வந்த ஃபோக்ஸ்வேகன எதிர்த்து நின்னு 2015ல பங்க திரும்ப வாங்கின சுசுகிக்கு தன் வேகத்துல போற சுதந்திரமாவது இருக்கு.

அதனால இலங்கைல ரீகண்டிஷன் வண்டி, அதாவது ஜப்பான்ல ஓடி இறக்குமதி ஆன வண்டி, தேடுறவங்க என்னைக் கேட்டா, வீட்ல குழந்தையும் பாட்டியும் இருந்தா டான்டோவ ஒரு தடவ கதவு திறந்து பாருங்க, ஆனா பார்ட்ஸ், மெக்கானிக், திரும்ப விக்கிற விலைன்னு யோசிச்சா வேகன் ஆர் தான் எடுப்பேன். எது எடுத்தாலும் ஜப்பான் ஏலத்துல வண்டிய பரிசோதிச்சு எழுதின தாள வாங்கி கிரேட பாருங்க, அதுல அடி வாங்கினது எழுதியிருக்கும், பெயிண்ட்ட பார்த்து மயங்கிடாதீங்க.