சமாதி, விபஸ்ஸனா நூல்கள்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

மனத்தை ஒருமைப்படுத்தும் சமாதி, உள்ளதை உள்ளபடி கவனித்து அறியும் விபஸ்ஸனா ஆகியவற்றைக் கற்பிக்கும் பௌத்தத் தியான நூல்களை, நாள்தோறும் அமர்ந்து செய்யும் பயிற்சியோடு சேர்த்துப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் வாசிப்பதால் பெரிய பயன் இல்லை. அமர்ந்திருக்கும்போது எழுகின்ற இடர் எதுவோ, அதற்குரிய பக்கத்தைத் தேடிப் பிடிக்கும்போதுதான் அவை உண்மையாகக் கைகொடுக்கின்றன. திருகோணமலையில் சைவக் குடும்பங்களில் வளர்ந்த எங்களில் பலர் இவற்றை அயலாருடைய சமய நூல்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். பெரியகுளத்துக்கு அருகே இராசராசப் பெரும்பள்ளி என்று வழங்கிய வெல்கம் விகாரையில், விளக்கெரிக்க அளித்த கொடைகளைச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்லிக்கொண்டிருக்கையில், அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை என்று நினைக்கிறேன்.

தொடங்குபவருக்கு நான் முதலில் கொடுப்பது, இலங்கையில் பிறந்த ஹேனேபொல குணரத்ன தேரர் எழுதிய ‘மைண்ட்ஃபுல்னஸ் இன் ப்ளெய்ன் இங்கிலிஷ்’ என்னும் நூல். கால் மரத்துப்போவது, தூக்கம் கண்ணைச் சுழற்றுவது, சலிப்புத் தட்டுவது ஆகியவற்றை அது நேரடியாக எடுத்துப் பேசுகிறது, ஆங்கிலமும் எளிமையானது.

என் மேசையில் நிலையாக இருப்பது விசுத்திமக்கம். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுர மகாவிகாரையில் புத்தகோசர் இயற்றிய இந்நூலை, இங்கிலாந்தில் பிறந்து இலங்கையில் துறவியான ஞாணமோலி தேரர் ஆங்கிலமாக்கினார். அது 1956இல் வெளிவந்தது. இருபத்துமூன்று அதிகாரங்களும் நாற்பது தியானப் பொருள்களும் கொண்ட இப்பெருநூலில் எனக்கு அதிகம் பயன்பட்டது எட்டாம் அதிகாரத்தின் மூச்சுத் தியானப் பகுதியே. மூச்சை எண்ணும்போது ஐந்துக்குக் குறைவாக நிறுத்தக்கூடாது, பத்தைத் தாண்டக்கூடாது என்று அது வரையறுக்கிறது. நீண்ட மூக்குடையவருக்கு மூச்சு மூக்கு நுனியிலும், குறுகிய மூக்குடையவருக்கு மேலுதட்டிலும் படும் என்பது வரை அது விளக்குகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுக்கத்தில் மனம் எங்கும் நிலைகொள்ளாதபோது இந்த எண்ணும் முறை ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

மனம் ஒருமைப்படும்போது தோன்றும் நிமித்தம் என்னும் மன அடையாளத்தைப் பற்றிய பத்தி அதைவிட அருமையானது. சிலருக்கு அது விண்மீன் போலவும், சிலருக்கு முத்துப் போலவும், சிலருக்குப் பஞ்சு போலவும், வேறு சிலருக்குப் புகைத்திரள் போலவும் தோன்றும் என்றும், அந்த வேறுபாடு அவரவர் மனம் அதை உணரும் விதத்தின் வேறுபாட்டால் வருவதே என்றும் அது சொல்கிறது. தமக்குத் தோன்றியதைப் பிறருக்குத் தோன்றியதோடு ஒப்பிட்டுக் கலங்குபவர்கள் இந்த ஒரு பத்தியை வாசித்தாலே தெளிவடைவார்கள்.

ஜானம் எனப்படும், மனம் ஒருமைப்பட்ட தியான நிலைகளில் முதலாவதைப் பற்றி வாசிக்கும்போது நிதானம் வேண்டும். பௌத்தத் துறவி அஜான் பிரம் 2006இல் வெளியிட்ட நூல், ஐம்புலன்களும் முற்றாக அடங்கிய ஆழ்ந்த நிலையையே ஜானம் என்கிறது. இலங்கையில் தங்கிப் பயிற்றுவித்த பௌத்தத் துறவி அய்யா கேமாவிடம் கற்ற தியான ஆசிரியர் லீ பிராசிங்டன், 2015இல் வெளியான தமது நூலில், மனம் ஓரளவு அமைதியடைந்ததும் கவனத்தை உடலில் எழும் இனிய உணர்வுக்கு மாற்றச் சொல்லி, அதைவிட மென்மையான நிலையை அதே பெயரால் அழைக்கிறார். இரண்டையும் மாற்றி மாற்றி வாசிப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, நீண்ட காலம் அதன் வழியிலேயே பயின்று பார்ப்பது நல்லது. இல்லறத்தில் இருந்துகொண்டு காலையும் மாலையும் மட்டுமே அமர முடிகின்றவர்களுக்கு இரண்டாவது வழி கூடுதலாக ஒத்துவரும் என்பது என் கருத்து.

விபஸ்ஸனாவுக்கு மியன்மார்த் துறவி மகாசி சயாதோவின் சிறிய செயல்முறை விளக்கம் இன்றும் முதலிடம் பெறுகிறது. வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, தோன்றுகின்ற ஒவ்வொன்றையும் மனத்துள் குறித்துக்கொள்ளும் அம்முறையைச் சமையலறையில் காய்கறி நறுக்கும்போதும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அவருடைய ‘த புரோகிரஸ் ஆஃப் இன்சைட்’ வேறு வகையானது. ஞான நிலைகளை வரிசையாக விவரிக்கும் அந்நூல், பயிற்சியில் ஏற்கெனவே முன்னேறியவர்களுக்காக எழுதப்பட்டது. அதைத் தொடக்கத்திலேயே வாசிப்பவர், அச்சமோ சலிப்போ எழுந்தவுடன் ‘இது எத்தனையாவது நிலை’ என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். கவனிக்க வேண்டிய அச்சம் கவனிக்கப்படாமலே போய்விடுகிறது. வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் சொல்லும் வரை அதைத் திறக்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

விசுத்திமக்கத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கண்டியிலுள்ள பௌத்த வெளியீட்டுச் சங்கம் அச்சு நூலாக விற்பதோடு, இணையத்திலும் இலவசமாகத் தருகிறது. அச்சு நூல் கனமானது. எங்கள் ஊர் மாரி காலத்தில் தாள்களில் பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆகவே முழு நூலையும் வாங்குவதற்கு முன், மூச்சுத் தியானப் பக்கங்களை மட்டும் அச்சிட்டு எடுத்து, சில மாதங்கள் அவற்றோடு பயின்று பாருங்கள்.